ஃபயர்வாலா, இடிஆரா, ஜீரோ டிரஸ்டா, வெளிக் கண்காணிப்பா? நிறுவன நெட்வொர்க்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

நெட்வொர்க் பாதுகாப்புக்கு இந்த வருடம் பணம் ஒதுக்கியாகிவிட்டது. ஐடி வேலைக்கு ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். ஃபயர்வால் விற்பவர் தன் பெட்டி ஒன்றே போதும் என்கிறார். அடுத்து வந்தவர், ஒவ்வொரு கணினியிலும் இடிஆர் என்ற காவல் மென்பொருளைப் போடாமல் இந்தக் காலத்தில் முடியாது என்கிறார். மூன்றாமவர் இரண்டுமே பழைய முறை, யாரையும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும் ஜீரோ டிரஸ்டுக்கு மாறுங்கள் என்கிறார். நான்காமவர் எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் தொழிலைப் பாருங்கள் என்கிறார். நால்வர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், அல்லது யார் கடைசியாக வந்து பேசினாரோ அவரிடம் வாங்கிவிடுகிறார்கள்.

இருபது பேரிலிருந்து இருநூறு பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கருவியை வாங்கினாலும் அது எழுப்பும் எச்சரிக்கையைப் படித்து, உடனே கை வைக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது. விலைப்பட்டியலில் அந்த ஆள் வருவதே இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு அப்புறம் விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.

முதலாவது, தகவல் எங்கே இருக்கிறது, ஆட்கள் எங்கே இருந்து வேலை செய்கிறார்கள்? கணக்கு மென்பொருளும் கோப்பு சர்வரும் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து, எல்லாரும் அங்கேயே வந்து வேலை பார்த்தால், காக்க வேண்டிய எல்லை எது என்று கோடு போட்டுக் காட்டலாம். மின்னஞ்சலும் கோப்புகளும் கிளவுடில் இருந்து, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தால் அப்படி ஒரு கோடே கிடையாது.

இரண்டாவது, ஒரு கணினி தாக்குபவர் கைக்குப் போய்விட்டால் அவர் அங்கிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார நிரல் தாக்கியபோது அது உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தான் உள்ளே வந்தது. உலகெங்கும் கிளைகள் உள்ள மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் அது பரவிய பிறகு, ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. நிறுவனமே சொன்ன நஷ்டக் கணக்கு 20 கோடி முதல் 30 கோடி டாலர் வரை. நுழைந்த ஓட்டை சின்னது. உள்ளே தடுப்புச் சுவர் இல்லாததால்தான் இழப்பு அவ்வளவு பெரிதானது.

மூன்றாவது, எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பார், எந்த நேரத்தில்? அமெரிக்காவின் டார்கெட் கடைச் சங்கிலியில் 2013 கடைசியில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. அங்கே நல்ல கண்டறியும் கருவி இருந்தது, அது எச்சரிக்கையும் எழுப்பியது. அதைப் பார்த்து உரிய நேரத்தில் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அமெரிக்க செனட் குழுவின் 2014 அறிக்கை எடுத்துச் சொன்னது. திருடர்கள் நுழைந்தது ஒரு குளிர்சாதன ஒப்பந்ததாரரின் கணக்கு வழியாக. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இது நடந்திருக்கிறது என்றால், ஒற்றை ஐடி ஊழியர் உள்ள இடத்தில் ஞாயிறு இரவு வரும் எச்சரிக்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மூன்று முதல் ஐந்து வருடத்துக்கான முழுச் செலவு என்ன? வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான். வருட லைசென்ஸ், ஆள் நேரம், பயிற்சி, மாற்றும்போது வேலை தடைபடும் நாட்கள் எல்லாம் சேர வேண்டும்.

ஐந்தாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: காவலுக்கு வைத்த கருவியே பழுதானால், அல்லது அதுவே உடைக்கப்பட்டால் என்ன நடக்கும்?

## நான்கில் எதை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

இவை ஒப்பீட்டுக்குள் வராது. இவற்றைச் செய்யாமல் நான்கில் எதை வாங்கினாலும் பணம் வீண்.

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு முதலில் வர வேண்டும். மின்னஞ்சல், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு), கிளவுட் கணக்குகள், நிர்வாகிக் கணக்குகள் என்று எதுவும் விடுபடக் கூடாது. 2021 மே மாதம் கலோனியல் பைப்லைன் தாக்கப்பட்டது ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாய் பல நாட்கள் நின்றது, நிறுவனம் 75 பிட்காயின் கப்பம் கட்டியது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிடச் செயலியில் வரும் எண் மேல். அதையும்விட யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி அல்லது கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ மேல், ஏனென்றால் போலி இணையதளத்தில் அவை வேலை செய்யாது.

அடுத்தது பேட்ச், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் அப்டேட். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்த வானாக்ரை 2017 மே 12 அன்று பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

மூன்றாவது பேக்கப். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்பது பழைய கணக்கு. இப்போது இன்னொன்றைச் சேர்க்க வேண்டும்: ஒரு பிரதியையாவது நிர்வாகிக் கடவுச்சொல் தெரிந்தவராலும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014இல் ஒரே நாளில் மூடும் நிலைக்கு வந்தது. அதன் கிளவுட் நிர்வாகப் பக்கத்தைக் கைப்பற்றியவர் சர்வர்களோடு பேக்கப்புகளையும் சேர்த்தே அழித்துவிட்டார். மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சர்வரையாவது முழுதாக மீட்டுப் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள்.

சரி, இனி நான்கு வழிகளைப் பார்க்கலாம்.

## வழி 1: வாசலில் ஒரு பலமான ஃபயர்வால்

அலுவலக நெட்வொர்க்கும் இணையமும் சேரும் இடத்தில் ஒரு பெட்டி. போக்குவரத்தை வடிகட்டும், தாக்குதல் அடையாளங்களைத் தேடும், கெட்ட தளங்களைத் தடுக்கும், விபிஎன் கொடுக்கும். ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பதால் சின்ன நிறுவனங்கள் இதைத்தான் முதலில் வாங்குகின்றன.

இதன் உண்மையான பலம் பலரும் பயன்படுத்தாமல் விடும் ஒரு வசதியில் இருக்கிறது: உள்ளே பிரித்து வைப்பது. கேமராக்கள் ஒரு பகுதி, பிரிண்டர்கள் ஒரு பகுதி, விருந்தினர் வைஃபை ஒரு பகுதி, கணக்கு சர்வர் தனிப் பகுதி என்று வி-லேன்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தேவையானதை மட்டும் திறந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது. வரவேற்பறைக் கணினி கைமாறினாலும் அங்கிருந்து கணக்கு சர்வரின் கதவைத் தட்டக்கூட முடியாது. ஏற்கெனவே ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்காமலே இதைச் செய்யலாம். ஒரு வார உழைப்புதான், ஆனால் அதைப்போல் பலன் தரும் வேலை குறைவு.

மறைந்திருக்கும் செலவுகள் நிறைய. பெட்டியின் விலையோடு வருடச் சந்தா வேண்டும். அதைப் புதுப்பிக்காவிட்டால் தாக்குதல் அடையாளங்கள் பழசாகிவிடும், பெட்டி வெறும் கதவாக நிற்கும். அடுத்தது வேகம். விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண், எந்தச் சோதனையும் செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் வேகம். இன்றைக்கு இணையப் போக்குவரத்தில் பெரும்பங்கு மறையாக்கம் செய்யப்பட்டது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் உள்ளே என்ன போகிறது என்பது ஃபயர்வாலுக்குத் தெரியாது. பிரித்துப் பார்த்தாலோ வேகம் கணிசமாகக் குறையும், எல்லாக் கணினியிலும் சான்றிதழ் போட வேண்டும், வங்கித் தளங்களுக்கும் சில செயலிகளுக்கும் விதிவிலக்கு எழுத வேண்டும். வாங்கும்போது ‘எல்லாச் சோதனைகளும், மறையாக்கத்தைப் பிரிப்பதும் சேர்த்து இயக்கினால் வேகம் என்ன’ என்று எழுத்தில் கேளுங்கள்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதை விதிப்பட்டியலில் பார்க்கலாம். சில வருடம் ஓடிய ஃபயர்வாலைத் திறந்தால் ‘தற்காலிகம்’ என்று குறிப்பிட்ட ஒரு விதி அநேகமாக இருக்கும். யாரோ ஒரு மென்பொருள்காரர் தூரத்திலிருந்து சர்வரைச் சரிசெய்ய 3389 போர்ட்டை (விண்டோஸைத் தூரத்திலிருந்து இயக்கும் வாசல்) இணையத்துக்குத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூட மறந்தது அது. எங்கிருந்து வேண்டுமானாலும், எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று எழுதியிருக்கும். விதியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எதற்கென்று தெரியாததால் அடுத்து வந்தவர் அதைத் தொடப் பயப்படுவார். ரான்சம்வேர் கும்பல்கள் இணையத்தில் இடைவிடாமல் தேடிக்கொண்டிருப்பது இந்தத் திறந்த கதவைத்தான்.

ஐந்தாவது கேள்வியில் இந்த வழி தடுமாறுகிறது. வாசலில் நிற்கும் பெட்டி இணையத்தைப் பார்த்தபடி இருப்பதால் அதுவே தாக்கப்படுகிறது. 2024 ஜனவரியில் இவான்டியின் விபிஎன் கருவிகளில் ஓட்டைகள் வெளிப்பட்டு, அவற்றைத் தாக்குபவர்கள் பயன்படுத்தத் தொடங்கியபோது, அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமை அரசுத் துறைகளிடம் அந்தக் கருவிகளை 48 மணி நேரத்துக்குள் நெட்வொர்க்கிலிருந்தே கழற்றச் சொன்னது. வேறு பெரிய நிறுவனங்களின் பெட்டிகளும் இதே போன்ற ஓட்டைகளுக்கு ஆளாகியிருக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடாமல் இருக்க, அவசர பேட்ச் வந்த அன்றே இரவில் உட்கார்ந்து போட ஆள் வேண்டும். நிர்வாகப் பக்கத்தை இணையத்திலிருந்து யாரும் திறக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற திறமூல ஃபயர்வால்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. லைசென்ஸ் செலவு மிச்சம். அந்த மிச்சம் தெரிந்த ஆள் இருக்கும்வரைதான். எழுதியவர் போன பிறகு எடுத்து நடத்த இன்னொருவர் இல்லையென்றால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

## வழி 2: ஒவ்வொரு கணினியிலும் காவல், அதாவது இடிஆர்

பழைய ஆன்டிவைரஸ் தெரிந்த வைரஸ்களின் பட்டியலோடு ஒப்பிடும். இடிஆர் நடத்தையைப் பார்க்கும். எந்த நிரல் எதைத் திறந்தது, எங்கே இணைந்தது, எந்தக் கோப்பை மாற்றியது என்று பதிவு செய்துகொண்டே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலை 10:40. கணக்குப் பிரிவில் ஒருவர் ‘விலைப்பட்டியல்’ என்று வந்த வேர்ட் கோப்பைத் திறக்கிறார். திரையில் கோப்பு காலியாகத் தெரிகிறது, மூடிவிடுகிறார். இடிஆர் திரையில் ஒரு சங்கிலி விழுகிறது: அவுட்லுக்கிலிருந்து வேர்ட், வேர்டிலிருந்து பவர்ஷெல் (விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி), பவர்ஷெல்லில் படித்தால் புரியாத நீளமான எழுத்துக் குவியல் ஒரு கட்டளையாக, அங்கிருந்து முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு இணைப்பு. வேர்டுக்கு பவர்ஷெல்லைத் திறக்கும் தேவை சாதாரணமாக இருக்காது. இதைப் பார்த்தவர் ஒரு பொத்தானை அழுத்தி அந்தக் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கிறார், அந்த ஊழியரின் கடவுச்சொல்லை மாற்றுகிறார், அதே மின்னஞ்சல் வேறு யாருக்கெல்லாம் வந்தது என்று தேடுகிறார். பத்து நிமிட வேலை. பார்க்க ஆள் இல்லையென்றால், சில நாள் கழித்துக் கோப்பு சர்வர் பூட்டிக் கிடக்கும்போது இதே சங்கிலி விசாரணை அறிக்கையில் முதல் வரியாக வரும்.

தாக்குதல் கடைசியில் நடப்பது கணினியில்தான் என்பதால் இந்த வழி எனக்குப் பிடிக்கும். லேப்டாப் வீட்டுக்குப் போனாலும் காவல் கூடவே போகிறது. மறையாக்கம் பிரிந்த பிறகு நடப்பதைப் பார்ப்பதால் ஃபயர்வாலின் குருட்டுப் புள்ளி இங்கே இல்லை.

பார்க்க முடியாத இடங்களும் உண்டு. கேமரா, பிரிண்டர், சேமிப்புப் பெட்டி, ஆலை இயந்திரம் போன்றவற்றில் இடிஆர் போட முடியாது. எஸ்-ஆர்எம் என்ற நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஒரு சம்பவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அகிரா ரான்சம்வேர் கும்பல் ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்து விண்டோஸ் சர்வரில் தன் நிரலை இயக்கப் பார்த்தது, இடிஆர் தடுத்துவிட்டது. உடனே அதே நெட்வொர்க்கில் இருந்த ஒரு வெப்கேமுக்குத் தாவி, அங்கிருந்தபடியே பகிரப்பட்ட கோப்புகளைப் பூட்டியது. அந்த வெப்கேம் வேறொரு பகுதியில் பிரித்து வைக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதையே இருந்திருக்காது. முதல் வழியின் பிரித்து வைக்கும் வேலை இங்கேயும் தேவைப்படுகிறது.

மறைச் செலவு என்றால், முதலில் எச்சரிக்கைகளைச் சலிக்கும் நேரம். தொடக்க வாரங்களில் உங்கள் கணக்கு மென்பொருளையே சந்தேகப்படும், அதற்கு விதிவிலக்கு எழுத வேண்டும். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பதற்குத் தனி விலை இருக்கும். சர்வருக்கான லைசென்ஸ் கணினிக்கானதைவிடக் கூடுதலாக இருப்பது வழக்கம். பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கு ஆதரவு இல்லாமல் போகலாம்.

இன்னொன்று, இந்த மென்பொருள் இயங்குதளத்தின் அடியாழத்தில் உட்காருகிறது. 2024 ஜூலை 19 அன்று இடிஆர் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பழுதை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகப் போய் எழுப்ப வேண்டியிருந்தது. வட்டு விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் தட்டச்சு செய்ய வேண்டும். அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்த சர்வரே விழுந்துவிட்டால் வேலை இன்னும் சிக்கல். இடிஆர் போடுகிறவர்கள் மீட்புச் சாவிகளின் ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டை முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

## வழி 3: ஜீரோ டிரஸ்ட் அணுகல்

நெட்வொர்க்குக்குள் வந்துவிட்டவரை நம்பிவிடுவது பழைய முறை. யாராக இருந்தாலும், எங்கிருந்து வந்தாலும், ஒவ்வொரு செயலியையும் தொடும்போது ஆளையும் அவர் கணினியின் நிலையையும் சரிபார்ப்பது ஜீரோ டிரஸ்ட். ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 2010இல் இந்தப் பெயரைப் பரப்பினார். 2009இல் ஏற்பட்ட ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் தன் ஊழியர்களுக்கு விபிஎன் இல்லாத முறையை உருவாக்கியது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் இதற்கான வரைவிலக்கண ஆவணத்தை வெளியிட்டது. எனவே இது வெறும் விளம்பரச் சொல் இல்லை. ஆனால் பெட்டியில் அடைத்து விற்கக்கூடிய ஒரே பொருளும் இல்லை.

சின்ன நிறுவனத்துக்கு நடைமுறையில் இது இரண்டு வேலையாக வரும். எல்லாச் செயலிகளுக்கும் ஒரே உள்நுழைவு. விபிஎன்னை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தேவையான செயலி மட்டும் தெரியும்படி ஒரு கிளவுட் இடைவாசல். ஆட்கள் ஊர் ஊராகச் சிதறியிருந்து, பயன்படுத்துவதெல்லாம் கிளவுட் மென்பொருளாக இருந்தால் இந்த வழிக்கு நிகர் இல்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஒரே கணக்கை மூடினால் போதும் என்பதே பெரிய நிம்மதி. இணையத்தைப் பார்த்து நிற்கும் விபிஎன் பெட்டி போய்விடுவதால், முதல் வழியில் சொன்ன ஆபத்தும் பெருமளவு குறைகிறது.

செலவு மாதத்துக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று வரும். ஆள் கூடக் கூட ஏறும். பல கிளவுட் மென்பொருள்களில் ஒரே உள்நுழைவு வசதி விலை உயர்ந்த திட்டத்தில் மட்டுமே கிடைக்கிறது. ஜீரோ டிரஸ்டுக்கு மாறப்போய் ஐந்தாறு மென்பொருள்களின் சந்தாவும் சேர்ந்து ஏறுவதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பத்து வருடப் பழைய கணக்கு மென்பொருள், நேரடியாக சர்வரோடு பேசும் வகையாக இருந்தால், இதற்குள் அடங்க அடம் பிடிக்கும். யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற முழுப் பட்டியல் கையில் இல்லாமல் தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த ஒரு வழிக்குத்தான்.

ஐந்தாவது கேள்வி இங்கே உள்நுழைவுச் சேவையின் மேல் விழுகிறது. எல்லாச் சாவியும் ஒரே கொத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில், உள்நுழைவுச் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு அமைப்புக்குள் ஊடுருவியவர்கள், வாடிக்கையாளர்கள் பழுது பார்க்க அனுப்பி வைத்த கோப்புகளிலிருந்து உள்நுழைவு அடையாளங்களை எடுத்தார்கள். அந்தச் சேவை நின்றாலும் மொத்த அலுவலகமும் நிற்கும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு நிர்வாகிக் கணக்குகளை அதற்கு வெளியே, பாதுகாப்புச் சாவியோடு, பூட்டி வைத்திருக்க வேண்டும்.

## வழி 4: கண்காணிப்பை வெளியாரிடம் ஒப்படைப்பது

எம்டிஆர் என்று சொல்லப்படும் சேவை இது. அவர்கள் ஆட்கள் இரவும் பகலும் உங்கள் எச்சரிக்கைகளைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கை வைப்பார்கள்.

இதை நாமே செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் ஒரே ஒரு நாற்காலியை நிரப்ப நான்குக்கு மேற்பட்ட ஆட்கள் வேண்டும். விடுப்பு, நோய், ராஜினாமா எல்லாம் சேர்த்தால் ஐந்தோ ஆறோ. அறுபது பேர் உள்ள நிறுவனம் காவலுக்கு மட்டும் ஆறு பேரை வைத்துக்கொள்ளாது. விடுமுறை நாளையும் நள்ளிரவையும் பார்த்தே தாக்குகிறார்கள் என்பதால் பகல் நேரக் காவல் பாதிக் காவல்தான். அதனால் பெரும்பாலான நடுத்தர நிறுவனங்களுக்கு மூன்றாவது கேள்விக்கான நேர்மையான பதில் இந்த வழியில்தான் இருக்கிறது.

ஆனால் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு சேவைகளை விற்கிறார்கள். ஒன்று எச்சரிக்கையை மின்னஞ்சலில் தள்ளிவிடும், அதை நீங்களே ஐந்து ரூபாய் செலவில்லாமல் கருவியிலேயே அமைத்துக்கொள்ளலாம். இன்னொன்று விசாரித்து, கணினியைத் துண்டித்து, கணக்கை முடக்கிவிட்டு உங்களை எழுப்பும். வாங்க வேண்டியது இரண்டாவது. ஒப்பந்தத்துக்கு முன் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு எங்களைக் கேட்காமலே கணினியைத் துண்டிப்பீர்களா? சர்வராக இருந்தாலுமா? மின்னஞ்சல் கணக்குகளையும் பார்க்கிறீர்களா, கணினிகளை மட்டுமா? பெரிய தாக்குதல் நடந்தால் விசாரணை மணி நேரங்கள் சந்தாவில் அடக்கமா, தனிக் கட்டணமா? ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

மறைச் செலவு உங்கள் பக்கத்திலும் இருக்கிறது. அவர்கள் அழைக்கும்போது எடுத்து, ‘ஆமாம், அந்த சர்வரை நிறுத்துங்கள்’ என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும். அவருக்கு மாற்று ஒருவரும் வேண்டும். பேட்ச் போடுவதும் பேக்கப் எடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பில் வராது.

வெளியாருக்குக் கொடுக்கும் சாவியும் ஆபத்துதான். 2021 ஜூலை 2 அன்று கசேயாவின் தொலைநிர்வாக மென்பொருள் வழியாகத் தாக்குதல் நடந்தபோது, நேரடியாகப் பாதிக்கப்பட்ட அதன் வாடிக்கையாளர்கள் அறுபதுக்கும் குறைவு. பெரும்பாலும் பிறருடைய கணினிகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள் அவை. அவர்களை நம்பியிருந்த சுமார் 1,500 நிறுவனங்கள் வரை அடி வாங்கின. ஸ்வீடனில் கூப் கடைகளின் கல்லாக்கள் நின்று சுமார் 800 கடைகள் மூடப்பட்டன. எனவே வெளி நிறுவனம் உங்களிடம் நுழைய என்னென்ன கணக்குகள் வைத்திருக்கிறது, அவற்றுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பேக்கப்பின் சாவி அவர்களிடம் இருக்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | ஃபயர்வால் | இடிஆர் | ஜீரோ டிரஸ்ட் | வெளிக் கண்காணிப்பு |
|---|---|---|---|---|
| எங்கே பொருந்தும் | எல்லாரும் அலுவலகத்தில், சர்வரும் அங்கேயே | எங்கும், கணினி இருக்கும் இடமெல்லாம் | சிதறிய ஆட்கள், கிளவுட் மென்பொருள் | இடம் பிரச்சினை இல்லை, கீழே இடிஆர் வேண்டும் |
| உள்ளே பரவுவதைத் தடுத்தல் | பிரித்து வைத்தால் நன்று, இல்லாவிட்டால் மிகக் குறைவு | நன்று, கேமரா போன்றவை நீங்கலாக | செயலி அளவில் மிக நன்று | ஆள் விரைந்து துண்டித்தால் நன்று |
| எச்சரிக்கையைப் பார்க்க ஆள் | நீங்கள் | நீங்கள், தினமும் | நீங்கள், கொஞ்சம் குறைவாக | அவர்கள், முடிவுக்கு மட்டும் நீங்கள் |
| மறைந்த செலவு | வருடச் சந்தா, வேகக் குறைவு, அவசர பேட்ச் | சலிக்கும் நேரம், பதிவு சேமிப்பு | மற்ற மென்பொருள்களின் உயர் திட்டங்கள், மாற்றக் காலம் | விசாரணைக் கட்டணம், அழைப்பை எடுக்க ஆள் |
| கருவியே உடைந்தால் | வாசலே வழியாகிவிடும் | கணினிகள் விழலாம் | யாரும் உள்ளே நுழைய முடியாது | அவர்கள் சாவி வழியாக வரலாம் |

## எந்த நிலையில் எதை எடுப்பேன்

இருபது பேருக்குள், எல்லாம் கிளவுடில், அலுவலகத்தில் சர்வரே இல்லை என்றால் விலை உயர்ந்த ஃபயர்வால் வேண்டாம். ஒழுங்காக அப்டேட் ஆகும் ஒரு ரௌட்டர் போதும். பணத்தை இடிஆருக்கும் பாதுகாப்புச் சாவிகளுக்கும் போடுங்கள். நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் அலுவலக மென்பொருள் சந்தாவின் அடுத்த திட்டத்திலேயே இடிஆரும் கணினி நிர்வாகமும் அடங்கியிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

ஐம்பது, நூறு பேர், அலுவலகத்தில் சர்வர், ஒரே ஐடி ஊழியர். கேள்வி கேட்பவர்களில் அதிகம் பேர் இந்த நிலைதான். இவர்களுக்கு என் பதில் இடிஆரும் அதன் மேல் வெளிக் கண்காணிப்பும். இருக்கும் ஃபயர்வாலை மாற்றாமல், அதன் விதிகளைச் சுத்தம் செய்து, நெட்வொர்க்கைப் பிரித்து வையுங்கள். புதுப் பெட்டிக்கு ஒதுக்கிய பணம் பெரும்பாலும் ஒரு வருடக் கண்காணிப்புச் சந்தாவில் நல்ல பங்கைத் தாங்கும். பெட்டியின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது என்றால் மட்டும் அதை முதலில் மாற்ற வேண்டும், பேட்ச் வராத ஃபயர்வால் வாசலில் நிற்கவே கூடாது.

ஆலையும் இயந்திரங்களும் உள்ள இடத்தில் கதை வேறு. இயந்திரத்தை இயக்கும் பழைய கணினியில் எதையும் நிறுவ முடியாது, பேட்சும் போட முடியாது. அங்கே ஃபயர்வாலே முதல். அலுவலக நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் நேரடியாகப் பேசக் கூடாது. இயந்திர நிறுவனத்தார் தூரத்திலிருந்து நுழையும் வழி, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடப்பட வேண்டும்.

ஆட்கள் பல இடங்களில் சிதறியிருந்து, விபிஎன் பழசாகி, புதுப்பிக்கும் நேரமும் வந்துவிட்டது என்றால் அந்தப் புதுப்பிப்புப் பணத்தைக் கொண்டே ஜீரோ டிரஸ்ட் அணுகலைத் தொடங்கலாம். முதலில் ஒரே ஒரு செயலி, ஒரே ஒரு பிரிவு. அது ஒழுங்காக ஓடிய பிறகு அடுத்தது. எல்லாச் செயலிகளும் மாறும்வரை பழைய விபிஎன் இருக்கத்தான் செய்யும், அதுவரை அதற்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும்.

கண்காணிப்புச் சேவையை எடுப்பதானால் ஒரு மாதச் சோதனை கேளுங்கள். அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் ஐடி ஊழியரை விட்டு இரண்டு காரியங்கள் செய்யச் சொல்லுங்கள்: புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கு உருவாக்குவது, ஒரு கணினியில் இடிஆரை நிறுத்த முயல்வது. நேரத்தைக் குறித்துக்கொண்டு தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள். அழைப்பு எத்தனை நிமிடத்தில் வந்தது, பேசியவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருந்ததா, அந்தக் கணினியை அவர் துண்டித்திருந்தாரா என்று பாருங்கள். திருப்தியாக இருந்தால் அந்த நிமிடக் கணக்கையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். திங்கட்கிழமை காலைவரை அழைப்பே வராவிட்டால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். உருவாக்கிய நிர்வாகிக் கணக்கை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.